ஔவையாவதற்கு முன்னர்

தெல்தோட்டைப் பகுதிப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பித்துவரும் நாம், தமிழ்த்தின விழாவுக்காக ஔவையார் நாடகமொன்றை மாணவர்க்குப் பழக்கிக்கொண்டிருந்தோம். ஔவையாக நடிக்கத் தெரிவுசெய்யப்பட்டவள் ஒன்பதாந் தரத்து மாணவி. தோட்டத்து லயனிலிருந்து வருபவள். நல்ல குரல்வளம் உடையவள். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, பஞ்சினாற் செய்த நரைமுடி, கையிலே ஒரு கோல் என வேடப் பொருள்கள் யாவும் ஆயத்தமாயின. முன்மாதிரியாக இருக்கட்டுமே என்று, 1953இல் வெளிவந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்திலிருந்து ஒரு பாடலைக் கேட்பித்தோம். அவள் கண்ணிமைக்காமற் கேட்டாள். பின்னர், “இந்தம்மா வயசான பொறகுதான் பாட வந்தாங்களா, சேர்?” என்று வினவினாள்.

வகுப்பிலே சிலர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. கே.பி. சுந்தராம்பாள் என்றதும் எமது மனக்கண்ணிலும் தோன்றுவது அந்த நரையும் கோலுந்தானே! ஆயின், அப்படம் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்துநான்கே. அவர் எவ்வாறு கிழவியானார், யார் அவரைக் கிழவியாக்கினர் என்பது கலை வரலாற்றுக் கேள்வி மட்டுமன்று. சமூக வரலாற்றுக் கேள்வியுமாகும்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிலே 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாய் பாலாம்பாளையும் குறிப்பன. தந்தையின் பெயரை முன்னே சுமக்கும் எம் வழக்கத்திலே தாயின் பெயரைச் சுமந்து புகழ்பெற்றவர் மிகச் சிலர். தந்தையை இளமையிலேயே இழந்த குடும்பத்தை அத்தாயே காத்தார். வறுமை வாட்டியது. புகையிரதத்திலே பாடிப் பயணிகள் கொடுத்த காசைக் கொண்டு வந்து வீட்டில் உலையேற்றிய குழந்தை அவர் என்பது அவரது வரலாற்றை எழுதியோர் பலரும் கூறுஞ் செய்தி. அக்குரலைக் கேட்டு அவரை நாடகத்தின்பால் திருப்பியவர், புகையிரதப் பகுதி அதிகாரியும் நாடக ஆர்வலருமாகிய எப்.ஜி. நடேச ஐயர் என்பர். வேலு நாயர் நாடகக் குழுவிலே அவருக்குக் கிடைத்த தொடக்க வேடங்களில் ஒன்று நல்லதங்காளின் மகன் வேடம். பஞ்சத்திலே பசியால் அழும் சிறுவன். அப்பசியை நடிப்பதற்கு அக்குழந்தைக்குப் பயிற்சி தேவைப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இங்கு ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். சுந்தராம்பாளின் பாட்டு, தொடக்கத்திலே பக்தியன்று, உழைப்பு. கொழுந்துக் கூடையைத் தலையிற் கட்டும் பெண்ணுக்குக் கை எவ்வாறோ, அவ்வாறே அவருக்குத் தொண்டை. அந்த உழைப்பை மறைத்துவிட்டு, ‘தெய்வீகக் குரல்’ என்று கைகூப்பி ஒதுங்குவது எமக்கு எளிதாக இருந்தது.

அவர் மேடையேறிய காலத்தில் நாடகமேடை பெரும்பாலும் ஆண்களின் உலகம். 1918இல் மதுரையிலே சங்கரதாஸ் சுவாமிகள் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் குழுக்களிலே பெண்பாத்திரங்களையும் சிறுவரே நடித்தனர். ஸ்பெஷல் நாடகங்கள் பெருகியபோது பெண்கள் மேடைக்கு வந்தனர்; பலர் பொருளீட்டினர்; சிலர் பெரும்புகழும் பெற்றனர். ஆயினும் ‘நாடகக்காரி’ என்ற சொல்லை ஊரார் உச்சரித்த தொனி மாறவில்லை. இரவு முழுதும் அவள் பாட்டைக் கேட்டவனே விடிந்ததும் அவள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினான். சுந்தராம்பாள் பெண் வேடத்தோடு ஆண் வேடமும் பூண்டு நடித்தவர். எக்கட்டையிலும் தளராத அவரது குரல், ஒலிபெருக்கியில்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரை சென்றது.

அந்நாளைய நாடகக் குழுக்களுக்கு இலங்கை அயல்நாடன்று. சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதி. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடிணைந்த கப்பற் சேவை தொடங்கிய பின்னர் இப்போக்குவரத்து மேலும் எளிதாயிற்று. அதே வழியேதான் எமது பாட்டனாரும் பாட்டிமாரும் வந்தனர். அவர்களைக் கங்காணி அழைத்து வந்தான். நடிகரைக் கொட்டகைக் குத்தகைக்காரர் அழைத்து வந்தனர். ஒரே கடலைக் கடந்த இரு வகை உழைப்பாளிகள்! கொங்கு நாட்டுப் பொன்னர் சங்கர் கதையை மலையகத் தோட்டங்களிலே கூத்தாக ஆடியோரின் வழித்தோன்றல்களாகிய எமக்குக் கொடுமுடிக் குரல் அந்நியமானதன்று.

1926ஆம் ஆண்டளவிலே கொழும்பில்தான் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஒரே மேடையிற் சேர்ந்தனர். நாடகம் வள்ளி திருமணம். இருவரும் உச்சக் குரலினர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடுத்தார். போட்டி இசையாயிற்று, இசை காதலாயிற்று. 1927இல் மணமும் நிகழ்ந்தது. கிட்டப்பா அந்தணர், முன்னரே மணமானவர். சாதி கடந்த காதல் என்று முற்போக்காளராகிய நாம் மகிழ்ந்து எழுதிவிடலாம். ஆனால் அந்த மணத்தின் பளுவைச் சுமந்தவர் யார்? பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. பிரிவுகள், மனக்கசப்புகள், கணவரின் குடிப்பழக்கம் என வாழ்வு கசந்தது. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. ஔவையின் அமைதியை அவற்றிலே தேடுபவர் ஏமாறுவர். அங்கே முறையிடுபவள் தன் உரிமையைக் கேட்கும் ஓர் இளம்பெண்.

1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா இருபத்தேழாம் வயதிலே மறைந்தார். சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று வெள்ளைச் சேலை உடுத்தார். பின்னர் அதனைக் களையவேயில்லை. ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதியும் பூண்டார். இவ்வுறுதியைப் போற்றாத மேடைப் பேச்சாளர் இல்லை. அது அவரது சொந்தத் துயரின் முடிவு, அதனை மதிக்கின்றோம். ஆனால் அம்முடிவைச் சமூகம் இத்துணை ஆர்வத்தோடு கைதட்டி ஏற்றது ஏன்? ‘நாடகக்காரி’ என்று இகழ்ந்த அதே ஊருக்கு, இகழாமலே அவர் பாட்டைக் கேட்பதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

திரைப்படம் அவரை மீண்டும் வெளியே அழைத்தது. ‘பக்த நந்தனார்’ 1935இல் வெளிவந்தது. மாணிக்லால் டாண்டன் இயக்கினார். ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. தயாரிப்பாளர் ஓடிவிடட்டும் என்றெண்ணி அவர் அத்தொகையைக் கேட்டதாகவும், அவரோ உடனே ஒப்புக்கொண்டதாகவும் கூறப்படுவதுண்டு. புகையிரதத்திலே காசுக்குப் பாடிய குழந்தை தன் குரலுக்குத் தானே விலை கூறிய நாள் அது. அவர் ஏற்ற வேடம் நந்தன். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர்.

நந்தன் கதையிலே சற்று நின்று செல்லுதல் வேண்டும். பெரிய புராணத்திலே இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழாரைப் படைத்து, சிதம்பரம் செல்ல விடை கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளின் கதையாக அதனை மாற்றியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டினராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் அறுத்து முடித்தாற்றான் விடை! ‘நாளைப் போவேன்’ என்பது பக்தனின் பெயராக எமக்குக் கற்பிக்கப்பட்டது. ஆனால் விடை கிடையாத உழைப்பாளியின் பெயரும் அதுவன்றோ? இலங்கைத் தோட்டங்களிலே 1921இல் ஒழிக்கப்படும் வரை ‘துண்டு’ முறை இருந்தது. கடனைச் செலுத்தினால் ஆளை விடுவிக்கலாம் என்று எழுதிய ஒரு காகிதத் துண்டு இல்லாமல் தொழிலாளி தோட்டத்தை விட்டு நகர இயலாது. 1867இலே ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர எமது ஊருக்கு அண்மையிலேயே உள்ளது. அம்மலைச் சரிவுகளில் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே மாண்டவர் எத்தனை பேர்!

அத்தகைய நந்தனாக ஒரு பெண் நின்று பாடியமை சிந்திக்கத்தக்கது. விதவைக்கும் பண்ணையாளுக்கும் வாசல் அடைத்த சமூகம், விதவையொருத்தி பண்ணையாளாக நின்று வாசலிற் கதறுவதைக் காசு கொடுத்துக் கேட்டது. படத்தின் நாற்பத்தொரு பாடல்களில் ஏறத்தாழப் பாதி அவருடையவை.

அவரது அரசியல் வாழ்வைச் சுருக்கமாகவே கூறலாம். கதர் உடுத்து, சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் மேடைகளிலே பாடினார். கூட்டம் பேச்சுக்காக வந்ததிலும் அவர் பாட்டுக்காக வந்ததே மிகுதி என்று கருத இடமுண்டு. 1950களிலே சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக அமர்ந்தார். நாட்டிலே திரையுலகிலிருந்து சட்டமன்றம் புகுந்த முதல்வர் அவர் என்பர். பதவி வந்ததேயன்றி, அவர் பிறந்த மேடையின் ஏழைக் கலைஞருக்காக ஓர் இயக்கம் அவரைச் சூழ எழவில்லை. இவ்விடத்தில் எமக்கு மதுரை கே.பி. ஜானகியம்மாள் நினைவுக்கு வருகிறார். அவரும் ஸ்பெஷல் நாடகத்தின் பாடகியே; காங்கிரஸிலிருந்து பொதுவுடைமைக் கட்சிக்கு வந்து, 1967இல் மதுரை கிழக்கிலிருந்து சட்டசபைக்குத் தெரிவானார். அவரைப் பற்றி எமது மாணவருள் எவரும் கேள்விப்பட்டதில்லை. பாடநூல் எழுதுவோர் எவரை நினைவிற் கொள்கின்றனர் என்பது தனியே எழுதவேண்டிய கதை.

மீண்டும் வேடங்களுக்கு வருவோம். 1935இல் நந்தன் என்னும் ஆண். 1940இல் மணிமேகலை என்னும் துறவி. 1953இல் ஔவை என்னும் மூதாட்டி. 1964இல் கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’ படத்திலே கவுந்தியடிகள். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவை. 1973இல் காரைக்காலம்மையார். இவ்வரிசையிலே இளமையோடும் விருப்போடும் கூடிய பெண் எங்கே? தமிழ் இலக்கியத்தைக் கற்றோர் இவ்வினாவைப் பழைய ஏடுகளுக்கும் விடுக்கலாம். பேசும் உரிமை பெற்ற பெண்களாக எம் மரபு முன்னிறுத்துவோர் யாவர்? முதுமையை வேண்டிப் பெற்றதாகக் கதை சொல்லும் ஔவை. அழகிய உடலை உதறிப் பேயுருக் கொண்ட காரைக்கால் புனிதவதி. காதலைத் துறந்து பாத்திரம் ஏந்திய மணிமேகலை. பெண்மையைக் கைவிட்டால் நாவைத் தருகிறோம் என்ற ஓர் உடன்படிக்கை அங்கே எழுதப்படாமலே இருக்கிறது. சங்க காலத்து ஔவை அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்தவர். பிற்காலக் கதை அவருக்கும் நரைமுடி சூட்டிற்று. சுந்தராம்பாள் அந்த உடன்படிக்கையின் இருபதாம் நூற்றாண்டுக் கையொப்பக்காரர். அவர் விரும்பி ஒப்பமிட்டிருக்கலாம், எழுதியவர் அவரல்லர்.

பிறநாடுகளின் நிலை எப்படி? கிட்டப்பா பிறந்த அதே 1906இல் மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகரிலே பிறந்தவர் லூச்சா ரேயஸ். அவரும் சிறுவயதிற் கூடாரக் கொட்டகைகளிலே பாடி வளர்ந்த ஏழைப்பெண். ஐரோப்பியப் பயணத்தின்போது குரல் கெட்டது. மீண்டபோது அது கரகரத்த குரலாக மாறியிருந்தது. அந்த உடைந்த குரலாலேயே பண்ணை நிலத்து மக்களின் பாட்டாகிய ரஞ்செராவைப் பாடி, அதுவரை ஆடவர் குரலுக்கே உரியதாயிருந்த வீம்பையும் சினத்தையும் பெண்ணுக்கு உரியதாக்கினார், திரைப்படங்களிலும் தோன்றினார். அங்கே அவரை எவரும் துறவியாக்கவில்லை. ஆயினும் 1944இல், முப்பத்தெட்டு வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு சமூகம் பாடகியைத் தெய்வமாக்கி விலக்கிற்று; மற்றொன்று கொண்டாடிவிட்டுக் கைவிட்டது. எது மேல் என்று தராசு பிடிக்க நாம் விரும்பவில்லை.

‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் அவரை வந்தடைந்தன. 1980இல் மறைந்தார். எமது தோட்டக் கோயில்களின் ஒலிபெருக்கிகளிலே அவர் இன்றும் பாடுகிறார். ஆடித் திருவிழாவென்றால் விடியற்காலைப் பனியிலே முதலில் எழுவது அக்குரலே.

கொழும்பு மேடையிலே வள்ளியாக நின்று பாடிய சுந்தராம்பாளைக் காட்டும் படச்சுருள் எதுவும் எமக்கு இல்லை. அக்காலத்து இசைத்தட்டுகளிலே குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அவற்றிலொன்றை மறுநாள் கைப்பேசியிலே அம்மாணவிக்குக் கேட்பித்தோம். கீறலும் இரைச்சலுமாக ஊசி ஓடிற்று. அதன் மேலே, அச்சமற்ற இளங்குரல் ஒன்று ஏறிக்கொண்டே சென்றது. பாட்டு முடிந்ததும் அவள் கேட்டாள்:

“இவங்க யாரு, சேர்?”