பட்டனுக்கு வேலை கொடுத்தவர்கள்

யுனிவர்சல் ரிமோட்டில் எந்த பட்டன் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை அதை வாங்கியவரே முடிவு செய்யலாம். இந்த வசதி 1980களின் நடுவில்தான் வந்தது. அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளாக ரிமோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. ஆனால் பட்டனுக்கு என்ன வேலை என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும்.

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ரிமோட்டுக்குப் பேட்டரியே கிடையாது. ராபர்ட் அட்லர் வடிவமைத்த அந்தக் கருவியில் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும்; டிவி அதைக் கேட்டு சேனலை மாற்றும். நான்கு தண்டுகள், நான்கு நீளங்கள், நான்கு வேலைகள். தண்டின் நீளம்தான் கட்டளை என்பதால், பட்டனின் வேலையை மாற்ற வேண்டுமென்றால் தண்டையே வெட்டியாக வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் அகச்சிவப்பு ரிமோட் பரவியபோது கட்டளை என்பது எண்ணாக மாறியது. பட்டனை அழுத்தியதும் உள்ளிருக்கும் சில்லு அதற்குரிய எண்ணை எடுத்து, ஒளித் துடிப்புகளாக அனுப்பும். ஜப்பானின் என்இசி முறையில் இந்தத் துடிப்புகள் 38 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செல்லும். முதலில் 9 மில்லிவினாடி நீளமுள்ள ஒரு துடிப்பு, 4.5 மில்லிவினாடி அமைதி, பிறகு கருவியின் முகவரி, அதன் பின் கட்டளை எண். முகவரியும் கட்டளையும் பிழை நேராமல் இருக்கத் தலைகீழாக இன்னொரு முறை அனுப்பப்படும். பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸிலும் சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸிலும் இயங்கின. ஒரு நிறுவனத்தின் ரிமோட்டுக்கு இன்னொரு நிறுவனத்தின் டிவி அசையாததற்கு இப்படி முறைகள் வேறுபட்டதே காரணம். அதே சமயம், பட்டனுக்கும் கட்டளைக்கும் நடுவில் இப்போது ஓர் அட்டவணை வந்துவிட்டது. அதைத் திருத்த முடிந்தால் பட்டனின் வேலையும் மாறிவிடும்.

அமெரிக்க வீடுகளில் டிவி, விசிஆர், கேபிள் பெட்டி, ஆடியோ சிஸ்டம் என்று கருவிக்கொரு ரிமோட் சேர்ந்தபோது இந்தத் திருத்தம் ஒரு தேவையாகவே ஆனது. தீர்வு இரு வழிகளில் வந்தது. பல நிறுவனங்களின் குறியீடுகளை முன்கூட்டியே ரிமோட்டுக்குள் நிரப்பிவைப்பது ஒரு வழி. 1986இல் தொடங்கிய யுனிவர்சல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், ‘ஒன் ஃபார் ஆல்’ என்ற பெயரில் இதையே பெரிய தொழிலாக வளர்த்தது. மற்றொரு வழி, பழைய ரிமோட்டைப் பார்த்துப் புதியது கற்றுக்கொள்வது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1984இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1986இன் இறுதியில் பெற்றது. இரண்டு ரிமோட்டுகளையும் நேருக்கு நேர் வைத்து, பழையதில் ஒரு பட்டனை அழுத்தினால், புதியது அந்தத் துடிப்புகளின் நீளங்களை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

இந்த வழியில் மற்ற எவரையும்விடத் தொலைதூரம் போனவர் ஸ்டீவ் வோஸ்னியாக். 1985இல் ஆப்பிளில் இருந்து விலகிய அவர், சிஎல் 9 என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1987இல் ‘கோர்’ என்ற ரிமோட்டை வெளியிட்டார். அதன் பட்டன்களுக்கென்று நிலையான வேலை எதுவும் கிடையாது. எந்த பட்டனிலும் எந்தக் கட்டளையையும் வைக்கலாம். பல கட்டளைகளை வரிசையாகக் கோர்த்து ஒரே பட்டனில் கட்டலாம். குறித்த நேரத்தில் தானாக இயங்கச் சொல்லலாம். கணினியோடு இணைக்கவும் வழி இருந்தது. ஆனால் இதையெல்லாம் அமைத்து முடிக்கப் பொறியாளரின் பொறுமை வேண்டும். சாதாரண வாடிக்கையாளர் அதன் பக்கமே வரவில்லை. நிறுவனம் விரைவிலேயே மூடப்பட்டது. ஆனாலும் பின்னால் வந்த ரிமோட்டுகளின் முக்கிய வசதிகள் பலவும் கோரில் ஏற்கெனவே இருந்தன. வியாபாரத் தோல்வியை வைத்து மட்டும் அதை எடைபோடுவது நியாயமாகாது.

பட்டனின் வேலையை மாற்றும் வசதி பரவலாக மக்கள் கைக்கு வந்தது ஒன் ஃபார் ஆல் போன்ற மலிவான ரிமோட்டுகள் வழியாகத்தான். அவற்றின் பல மாடல்களில், கருவிக்குரிய பட்டனைத் தொட்டுவிட்டு, ‘செட்டப்’ பட்டனைச் சிவப்பு விளக்கு இருமுறை சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்து, 994 என்று தட்ட வேண்டும். பிறகு மீண்டும் ‘செட்டப்’, வேண்டிய வேலைக்கான மூன்று இலக்கக் குறியீடு, கடைசியாக அந்த வேலையைச் செய்ய வேண்டிய பட்டன். அவ்வளவுதான், பயன்படாமல் கிடந்த ஒரு பட்டனுக்குப் புது வேலை கிடைத்துவிடும். பல கட்டளைகளைத் தொடுக்கும் மேக்ரோவுக்கு 995.

அந்த மூன்று இலக்கக் குறியீடுகளில்தான் உண்மையான புதையல் இருந்தது. டிவியோடு வரும் ரிமோட்டில் பட்டனே இல்லாத சில கட்டளைகளுக்கும் டிவி கீழ்ப்படியும். இவற்றில் மிகவும் தேடப்பட்டவை ‘ஆன்’, ‘ஆஃப்’ என்ற தனித்தனிக் கட்டளைகள். வழக்கமான பவர் பட்டன் ஒன்றே இரண்டு வேலையும் செய்யும். அணைந்திருந்தால் எழுப்பும், ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கும். படம் பார்க்க டிவி உட்பட மூன்று கருவிகளை ஒரே மேக்ரோவில் இயக்க முயன்றால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிவி அணைந்துவிடும், மற்ற இரண்டும் எழும். ‘ஆன்’ மட்டும் சொல்லும் குறியீடு கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதே ரிமோட்டுகள் பலவற்றின் பேட்டரி அறைக்குள் ஆறு ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இருந்தது. சர்க்யூட் போர்டில் அதன் அருகே ஜேபி1 என்று அச்சிட்டிருக்கும். நிறுவனம் தன் தேவைக்காக வைத்த வழி அது. 2000ஆம் ஆண்டையொட்டி ஆர்வலர்கள் சிலர், கணினியின் பிரிண்டர் போர்ட்டில் இருந்து ஒரு எளிய கேபிள் செய்து, அதன் வழியே ரிமோட்டின் நினைவகத்தைப் படித்தார்கள். அதில் இருந்தது சில கிலோபைட் மட்டுமே. ஆனால் பட்டன் மாற்றங்கள், மேக்ரோக்கள், புதிய கருவிகளுக்கான குறியீடுகள் அனைத்தும் அங்கேதான் பதிவாகியிருந்தன. அவர்கள் எழுதி இலவசமாக வழங்கிய மென்பொருள்களால், செட்டப் பட்டனோடு மல்லாடாமல் கணினித் திரையிலேயே எல்லாவற்றையும் அமைக்க முடிந்தது. கடையில் வாங்கிய பொருளை வாங்கியவர்களே கூடி முழுமையாக்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

விலை உயர்ந்த ரிமோட்டுகள் வேறு பாதையில் போயின. 1998இல் வந்த பிலிப்ஸ் ‘புரோன்டோ’, பட்டன்களைத் தொடுதிரையில் வரைய விட்டது. வடிவம், இடம், வேலை மூன்றும் உரிமையாளரின் விருப்பம். கனடாவில் பிறந்து 2004இல் லாஜிடெக் வாங்கிய ‘ஹார்மனி’, பட்டன் பட்டனாக யோசிக்காமல் ‘படம் பார்’, ‘பாட்டுக் கேள்’ என்று செயல்களாக யோசித்தது. எந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதை ரிமோட்டே கணக்கு வைத்துக்கொண்டது. அதன் அமைப்புகள் நிறுவனத்தின் சர்வரில் இருந்தன. 2021இல் லாஜிடெக் ஹார்மனி தயாரிப்பை நிறுத்தியபோது, சர்வர் எவ்வளவு காலம் இயங்கும் என்ற கவலை உரிமையாளர்களைப் பிடித்தது. எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருந்த ஜேபி1 ரிமோட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

இந்தியாவில், ஒரு ரிமோட்டிடம் இன்னொன்று கற்கும் வித்தை செட்டாப் பாக்ஸ் வழியே வீடுகளுக்கு வந்தது. பல கேபிள், டிடிஎச் ரிமோட்டுகளில் டிவிக்கென்று சில பட்டன்கள் ஒரு கட்டத்துக்குள் ஒதுக்கப்பட்டிருக்கும். ‘செட்’ பட்டனை விளக்கு எரியும்வரை அழுத்தி, கற்க வேண்டிய பட்டனைத் தொட்டு, டிவி ரிமோட்டை எதிரே நீட்டி அழுத்தினால் வேலை முடிந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் 1984இல் எழுதிய அதே முறை.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2011இல் நெட்ஃபிளிக்ஸ் தன் பெயர் பொறித்த பட்டனை ரிமோட்டுகளில் இடம்பெறச் செய்வதாக அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இந்த பட்டன்களுக்கு வேறு வேலை கொடுக்க டிவியின் அமைப்புகளில் பெரும்பாலும் இடமில்லை; ஆண்ட்ராய்டு டிவி வைத்திருப்போர் அதற்கெனத் தனிச் செயலியை நிறுவிக்கொள்கிறார்கள். புளூடூத் ரிமோட்டோ தன்னோடு இணைந்த கருவியோடு மட்டுமே பேசும். அகச்சிவப்பைக் கற்கும் ரிமோட் அதன் எதிரே எவ்வளவு நேரம் நின்றாலும் எதையும் கற்க முடியாது.