மருந்து ஒன்று, வாகனம் வேறு

2021 மே மாதம், தில்லி. இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான். கொரோனாவிலிருந்து மீண்ட அவன் அப்பாவுக்குக் கரும்பூஞ்சை நோய்.

"அங்கிள், லைப்போசோமல் ஆம்போடெரிசின் எங்கேயும் கிடைக்கலை. சாதாதான் இருக்காம். ரெண்டும் ஒரே மருந்துதானே?"

பார்மசி கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஆனாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் 65 ஆண்டு வரலாறு இருக்கிறது.

1950களின் நடுவில், வெனிசுவேலா நாட்டு ஒரினோக்கோ ஆற்றுப் பகுதியின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அமெரிக்காவின் ஸ்க்விப் ஆய்வுக்கூடத்தார் ஆம்போடெரிசின் பி-யைப் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் என்றொரு பொருள் உண்டு. மருந்து அதைப் பற்றிக்கொள்ளும், சவ்வு சிதையும், உள்ளிருப்பது கசிந்து பூஞ்சை மடியும்.

சரி, மருந்தை உடம்புக்குள் அனுப்புவது எப்படி? அங்கேதான் சிக்கல். இதன் மூலக்கூறு பெரியது. ஒரு பக்கம் நீரை நாடும், மறுபக்கம் நீரை ஒதுக்கும். எனவே தண்ணீரில் கரையாது. விழுங்கினாலும் குடற்சவ்வைத் தாண்டாது. கரைதிறன், சவ்வூடுருவும் திறன் இரண்டையும் கொண்டு மருந்துகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கும் முறையைக் கார்டன் அமிடான் குழுவினர் 1995இல் வகுத்தார்கள். இரண்டிலும் தோற்றவைக்கு நான்காம் வகுப்பு. நம் மருந்தின் இடம் அதுதான்.

முதலில் கைகொடுத்தது பித்த உப்பு. எண்ணெய்ப் பண்டத்தைச் செரிக்க நம் உடம்பே கையாளும் உபாயம் அது. டிஆக்சிகோலேட் என்ற பித்த உப்போடு சேர்த்து ரத்தநாளத்தில் ஏற்றினார்கள். பூஞ்சை மடிந்தது, ஆனால் குளிர் நடுக்கம் வந்தது, சிறுநீரகமும் அடிவாங்கியது. நம் சவ்விலுள்ள கொலஸ்டிராலையும் மருந்து ஓரளவு பற்றுவதே காரணம்.

1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்ஹாம், சிலவகைக் கொழுப்புகள் நீரில் தாமாகவே நுண்குமிழிகளாவதை ஆராய்ந்தார். அவையே லைப்போசோம். அதன் சவ்வில் ஆம்போடெரிசினைப் பதித்த மருந்து 1990களில் வந்தது. சிறுநீரகத்துக்குச் சேதம் வெகுவாகக் குறைந்தது.

இதன் பெரும்பயனைக் கண்டது பீகார். அங்கே பரவிய காலா அசார் நோயின் கிருமி, மண்ணீரல், கல்லீரலிலுள்ள விழுங்கணுக்களுக்குள் குடியிருப்பது. லைப்போசோமையும் அதே அணுக்கள்தான் விழுங்கும். மருந்து நேரே கிருமியின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது! முஸாபர்பூரில் ஷியாம் சுந்தர் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாளாக 15 முறை ஏற்றிய பழைய மருந்தும், ஒரே முறை ஏற்றிய லைப்போசோமும் நூற்றுக்குச் சுமார் 96 பேரைக் குணப்படுத்தின. கூலிவேலை செய்பவருக்கு ஒரு மாதப் படுக்கை ஒரு நாளானது. 2014இல் இந்திய அரசின் திட்டமும் இதை ஏற்றது.

பையனிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "மருந்து ஒண்ணுதான்பா, வாகனம் வேற. டோஸும் வேற. லைப்போசோமலுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம்னா, சாதாவுக்கு 1 கிட்டத்தான். டாக்டர்கிட்ட எது ஏத்துறாங்கன்னு தெளிவாக் கேளு. கிரியேட்டினின், பொட்டாசியம் விடாம பாக்கச் சொல்லு" என்றேன்.

சாதா மருந்தையே ஏற்றினார்கள். ஒரு கண் போயிற்று, ஆள் பிழைத்தார். இன்றும் காலையில் நடக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுகிறார்.