மணலில் ஓடிய பீட்டில்

மணலில் கார் சிக்கி, சக்கரம் சும்மா சுற்றுகிற அவஸ்தை உங்களுக்குத் தெரியும்தானே? கலிஃபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த ப்ரூஸ் மேயர்ஸ், 1964-ல் ஃபைபர்கிளாஸில் ஒரு மணல் வண்டி செய்தார். பெயர் மேங்க்ஸ்.

அடுத்து வந்த மாடலை நீங்களே வீட்டில் செய்யலாம். அடிபட்ட பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றிப் போட்டு, அடித்தட்டை ஓரடிக்கு மேல் வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைத்து, மேயர்ஸின் கூட்டை மாட்டினால் தீர்ந்தது! இன்ஜின் பின்னால் இருப்பதால் பாரமெல்லாம் வண்டியைத் தள்ளுகிற பின்சக்கரத்தின் மேல். காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டர் கொதிக்கும் கவலையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மணல்மேட்டில் ஒரே குதியாட்டம்.

1967-ல் மேயர்ஸும் நண்பரும் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தை 35 மணி நேரத்துக்குள் கடந்து, மோட்டார் சைக்கிள் சாதனையை முறியடித்தார்கள். ஆர்டர் குவிந்தது. கூடவே காப்பியடிப்பவர்களும்! மனிதர் வழக்குப் போட்டார். காப்புரிமை செல்லாது என்றது கோர்ட். 1971-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.