தார் பூசும் நாள்

இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களில், ஏறத்தாழ 70 அடி நீளமும் 7 அடி அகலமுமே உடைய படகுகளை இன்றும் காணலாம். அழகு கருதி ஏற்பட்ட வடிவம் அன்று இது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியாளர், மேட்டு நிலத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகறைகளைச் செலவும் நீரும் மிச்சப்படுமாறு ஒடுக்கமாக அமைத்தார். மதகின் அளவே படகின் அளவாயிற்று. பின்னர் ஒரு குடும்பத்தின் வீட்டு அளவும் அதுவே ஆயிற்று.

வீடாக மாறிய கதை துயரமானது. தொடக்கத்தில் படகோட்டிகள் பலருக்குக் கரையிலே இல்லம் இருந்தது. 1830க்குப் பின் இருப்புப்பாதை பரவவே, கால்வாய்க் கட்டணம் வீழ்ந்தது. கூலியும் உடன் வீழ்ந்தது. வாடகையையும் உதவியாளின் சம்பளத்தையும் மிச்சம் பிடிக்க மனைவி மக்களே படகேறினர். 70 அடியில் அவர்களுக்குக் கிடைத்தது பின்புறத்துச் சிற்றறை. அது சுமார் 10 அடி நீளம். எஞ்சியது முழுதும் நிலக்கரி முதலிய சரக்குக்கு. அவ்வறையில் அலமாரிக் கதவைத் தாழ்த்தினால் அதுவே மேசை. மற்றோர் அலமாரியைத் திறந்து விரித்தால் கட்டில்!

இனி, அவ்வீட்டைப் பழுதுபார்க்கும் நாளை எண்ணிப் பாருங்கள். சரக்கை இறக்கிய படகை உலர்துறைக்குள் செலுத்தி, வாயிலை அடைத்து நீரை வடித்துவிடுவார்கள். படகின் பக்கப் பலகைகள் கருவாலி மரம். அடிப்பலகை எல்ம் என்னும் மரம். எல்ம் நீரிலேயே கிடந்தால் நெடுநாள் உழைக்கும். ஆகவே அதற்குப் பூச்சு வேண்டியதில்லை. பக்கப் பலகைகளின் இணைப்புகளில்தான் தொல்லை. பழைய நாரைச் சுரண்டி எடுத்து, புதிய நாரை உளியால் அடித்துச் செருகி, மேலே உருக்கிய கீலை ஊற்றுவர். நம் துறைமுகத் தச்சர்கள் கலப்பற்று என்று சொல்லும் வேலையே இது. அதன்மேல் தாரும் மாட்டு மயிரும் குதிரை இலத்தியும் கலந்து காய்ச்சிய குழம்பைச் சூட்டோடு பூசுவர். மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் கலவைதான். ஆயினும் நீர் புகாமல் காத்தது அதுவே.

படகோட்டிகளுள் பெரும்பாலோர்க்குப் பயணக் கணக்கிலேயே கூலி. படகு நின்றால் வருவாயும் நின்றது. வீடு மூழ்காமலிருக்க வேண்டுமானால் அடுப்பு எரிவது ஐயமாகும்! இந்த நெருக்கடியிலும் பெண்கள் பித்தளைக் குமிழ்களைத் துலக்கினர். அடுப்புக்குக் கருமை தீட்டினர். கதவுகளில் ரோஜா மலர்களும் கோட்டைகளும் கொண்ட ஓவியங்கள் மங்காதிருக்கச் செய்தனர்.

ஆனால் வெளியுலகம் வேறாகவே பேசியது. குழந்தைப் பருவத்திலே செங்கற்சூளையில் உழைத்து வளர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர், 1875இல் கால்வாய் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, அவர்களுடைய நெருக்கடி வாழ்வையும் கல்வியின்மையையும் கண்டித்தார். அதன் பயனாக 1877இலும் 1884இலும் சட்டங்கள் பிறந்தன. படகுகள் பதிவு செய்யப்பட்டன. எத்தனை பேர் தங்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது. அதிகாரிகள் அறைகளைச் சோதித்தனர். குழந்தைகளுக்காக அவர் வாதாடியது நியாயமே. ஆயினும் எல்லாரையும் அழுக்கர் என்று ஒரே கோலால் அளந்ததை ஏற்பதற்கில்லை. துலக்கிய பித்தளை அவர் கண்ணில் படவில்லை போலும்! கூலி குறைந்ததால் நேர்ந்த நெருக்கடிக்குச் சட்டம் எண்ணிக்கையை வரையறுத்தது; கூலியை அது தொடவில்லை.

1939இல் எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியாளர், பான்பரி நகரத்துப் படகுத்துறையில் ‘கிரெஸி’ என்ற பழைய மரப்படகை வீடாகத் திருத்தி அமைத்து, அதில் குடியேறினார். 1944இல் வெளிவந்த அவருடைய நூல் பலரை விழிக்கச் செய்தது. 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. ஆயினும் சரக்குத் தொழிலை மீட்க முடியவில்லை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்து கிடந்த பிறகு அது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

இன்றைய படகுகளில் மிகுதியானவை எஃகாலானவை. அவற்றில் குடியிருப்போருள் சிலர் கால்வாயை விரும்பி வந்தவர்கள். சிலர் லண்டன் வாடகைக்கு அஞ்சி வந்தவர்கள். நிலையான துறை இல்லாதவர்கள் பொதுவாக 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்க இயலாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். எஃகுக்கும் ஓய்வில்லை; துரு அரிக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, பாசியை நீரால் பீச்சிக் கழுவி, துருவைச் சுரண்டி, கருந்தார் பூசுகின்றனர். துரு எஃகைத் தின்னாமல் முதலில் தன்னைத் தின்னும்படி, அடியில் மக்னீசியக் கட்டிகளைப் பற்றவைக்கின்றனர். பூச்சு காயும்வரை படகு நீரில் இறங்குவதில்லை. அந்நாட்களில் படகிலேயே தங்குவோர், ஏணி சாத்தி ஏறித்தான் தம் வீட்டுக்குள் செல்ல வேண்டும்.