புல்லட்டின் பழமை எந்த ஊர்ப் பழமை?

2018-இல் ராயல் என்ஃபீல்டு, 'கிளாசிக் 500 பெகாசஸ்' என்ற மோட்டார் சைக்கிளை உலகம் முழுமைக்கும் ஆயிரமே என்று எண்ணிட்டு வெளியிட்டது. இந்தியாவுக்கு ஒதுக்கிய 250 வண்டிகளும் 178 விநாடிகளில் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் பயன்படுத்திய 125 சிசி வண்டியின் நினைவாக வந்தது அது. பழைய தோற்றம், குறைந்த எண்ணிக்கை, பின்னால் ஒரு கதை: விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைச் சேகரிப்பவர்களை இழுப்பதும் இவைதான். அந்த நிறுவனத்தின் பெரிய ஆலைகள் இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. முன்னது 2013-இலும் பின்னது 2017-இலும் திறக்கப்பட்டவை. இங்கே உருவாகும் வண்டிகளின் பழமை இங்கிலாந்திடம் இரவல் வாங்கியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாற்றைப் பார்த்தால், அது நிறுவனத்தின் முதல் இந்திய ஆலை அமைந்த திருவொற்றியூர் உழைத்துச் சம்பாதித்த பழமை.

வடிவம் இங்கிலாந்தில் பிறந்தது என்பதை மறுக்க முடியாது. ரெடிச் ஊரில் இருந்த என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். 1967-இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த ஆங்கிலேய நிறுவனமே மறைந்தது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. பிறந்த வீடு கைவிட்டதை வளர்த்த வீடு காப்பாற்றியது.

இதைப் பெருமையாகச் சொல்வது தவறு, உரிமமும் அனுமதியும் ஆண்ட காலத்தில் போட்டியும் புதுத் தொழில்நுட்பமும் எட்டாததால்தான் பழைய வண்டியே தொடர்ந்தது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தொடர்ந்ததற்கான காரணம் வேறு, தொடர்ந்ததன் பயன் வேறு. 1969-இல் செய்கோ குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்த பிறகு ஸ்விஸ் நிறுவனங்கள் பல முடங்கின. இன்று பழைய மாதிரியை மறுபடி வெளியிட, அவை பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. புல்லட்டுக்கு அந்த நிலை வரவில்லை. டேங்கில் தங்கக் கோட்டைக் கையால் இழுக்கும் கலையும், ஊருக்கு ஊர் அந்த வார்ப்பிரும்பு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளும் அறுபடாமல் வந்தார்கள்.

இன்ஜினே மாறிய பிறகு எது பழமை என்று கேட்கலாம். 2008-2009-இல் வந்த கிளாசிக்கில் இன்ஜின் புதியது. பழைய புல்லட்டில் வலக்காலில் இருந்த கியர் இடக்காலுக்குப் போயிருந்தது. தோற்றம் மட்டும் 1950-களினுடையது. 2010-இல் ஏறத்தாழ 50 ஆயிரமாக இருந்த ஆண்டு விற்பனை, 2014-இல் 3 லட்சத்தைத் தாண்டியது. ஒரகடம் அந்தத் தேவைக்காகவே எழுந்தது. தோற்றம் ஒன்றே போதுமென்றால், மைசூர் ஆலை 1996-இல் மூடப்பட்டு 2018-இல் திரும்பி வந்த ஜாவாவும் அந்த உயரத்தைத் தொட்டிருக்க வேண்டும், தொடவில்லை. விலை, விற்பனை நிலையங்கள் என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் அப்பா ஓட்டியதை மகனும் கடையில் புதிதாக வாங்க முடிந்த வண்டிக்கும், இடையில் இருபது ஆண்டு காணாமல் போன வண்டிக்கும் வேறுபாடு பெரியது.

ஆகவே பெகாசஸ் சுமந்த போர் நினைவைவிட, திருவொற்றியூரின் நினைவே ஒரகடத்து வண்டிகளுக்கு நெருங்கிய சொத்து. ரெடிச்சின் வரலாற்றை ஆங்கிலேய ஆர்வலர்கள் எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். திருவொற்றியூரின் அச்சுகளும் வரைபடங்களும், அங்கே வேலை பார்த்துக் கற்றவர்களின் சொற்களும் அதே அக்கறையோடு தொகுக்கப்பட வேண்டும். உலகம் விலை கொடுத்து வாங்கும் பழமையைக் காத்தவை அந்தக் கைகள்.