வால்வெள்ளிகளின் தோற்ற நகர்வு

வால்நட்சத்திரம் என்று மக்கள் சொல்லும் வால்வெள்ளி, விண்மீன்களுக்கிடையே நாளுக்கு நாள் இடம் மாறிச் செல்வதாக நம் கண்ணுக்குத் தெரிவதே அதன் தோற்ற நகர்வு. பூமியின் தற்சுழற்சி, சூரியனைச் சுற்றும் பூமியின் ஓட்டம், வால்வெள்ளியின் சொந்த ஓட்டம் ஆகிய மூன்றும் வானில் நாம் காணும் அதன் அசைவில் கலந்திருக்கின்றன. தற்சுழற்சியால் விண்மீன்களைப் போலவே வால்வெள்ளியும் கிழக்கே எழுந்து மேற்கே சாய்கிறது. எரிநட்சத்திரம்போலச் சீறிப் பாயும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும் தவறானது. ஓர் இரவு முழுக்க உற்றுப் பார்த்தாலும் பெரும்பாலான வால்வெள்ளிகள் விண்மீன்களுக்கிடையே அசைவதாகத் தெரியாது. அடுத்த இரவு பார்க்கும்போதுதான், பக்கத்து விண்மீனை விட்டு ஓரிரு பாகை விலகியிருப்பது புலப்படும்.

கோள்கள் ராசி மண்டலத்தை விட்டு அகலுவதில்லை. வால்வெள்ளிகளோ எந்தத் திசையிலும் குறுக்கே போகும். இந்த ஒழுங்கின்மையைக் கண்ட அரிஸ்டாட்டில், அவை வானுலகப் பொருள்களே அல்ல, காற்று மண்டலத்தின் மேலடுக்கில் பற்றியெரியும் ஆவி என்றார். முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் செனெக்கா இதை மறுத்து, அவற்றுக்கும் சொந்தப் பாதை உண்டு, பிற்காலத்தில் யாரேனும் அதைக் கண்டு சொல்வார்கள் என்று எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

காரணம் தேடுவதைவிடக் குறித்து வைப்பதில் சீனர்கள் கெட்டிக்காரர்கள். கி.பி. 837 ஏப்ரலில் ஹாலி வால்வெள்ளி பூமிக்குச் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் அருகே வந்து, ஒரே நாளில் ஏறத்தாழ 60 பாகை வானத்தைக் கடந்தது. அந்த நகர்வைச் சீன அரசவை வானியலர்கள் பதிந்து வைத்தார்கள். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீள்வதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். ஐரோப்பாவில் இதைத் தெளிவாகக் காட்டியவர் வானியலர் பீட்டர் அப்பியான்; அவர் கண்டது 1531-இல் வந்த அதே ஹாலியை. சூரியனை விட்டு விலகும் வால்வெள்ளி தன் வாலை முன்னே நீட்டியபடி போகிறது என்பதால், வாலை வைத்து நகரும் திசையைச் சொல்ல முடியாது.

திருப்பம் 1577 நவம்பர் 13 மாலையில் வந்தது. ஹ்வேன் தீவில், தம் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த டேனிஷ் வானியலர் டைக்கோ பிராகி, சூரியன் மறையுமுன்பே மேற்கில் ஒரு பிரகாசமான ஒளியைக் கண்டார். இருட்டியதும் வால் தெரிந்தது. அடுத்த ஜனவரி வரை அதன் இடத்தை அளந்துகொண்டே இருந்த அவர், தம் அளவுகளைப் பிராகாவில் வானியலர் ஹகேசியஸ் எடுத்தவற்றோடு ஒப்பிட்டார். இரண்டு ஊர்களிலிருந்து பார்த்தால் நிலவு விண்மீன்களுக்கிடையே சற்று இடம் மாறித் தெரியும். வால்வெள்ளியில் அந்த அளவு மாற்றம் இல்லை. ஆகவே அது நிலவுக்கும் அப்பால் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் காற்று மண்டலக் கொள்கை இதோடு ஆட்டங்கண்டது.

ஆனால் பாதையின் வடிவம் பிடிபடவில்லை. கோள்களுக்கு நீள்வட்டம் தந்த கெப்ளரே, வால்வெள்ளிகள் நேர்கோட்டில் போகின்றன என்று நம்பினார்.

முடிச்சை அவிழ்த்தது 1680-இன் பெரிய வால்வெள்ளி. நவம்பரில் அதைத் தொலைநோக்கியில் கண்டவர் வானியலர் காட்ஃபிரீட் கிர்ச். விடியற்காலையில் சூரியனை நோக்கிச் சென்று மறைந்த பின், டிசம்பரில் மாலை வானில் நீண்ட வாலோடு ஒன்று தோன்றியது. இவை இரண்டு வெவ்வேறு வால்வெள்ளிகள் என்றே முதலில் பலரும் நினைத்தார்கள். நியூட்டனும் அவர்களில் ஒருவர். ஒன்றேதான் திரும்பி வந்திருக்கிறது என்று வாதிட்டவர் ஆங்கில வானியலர் ஃபிளாம்ஸ்டீட். முடிவு சரி, ஆனால் சூரியனின் காந்த விசை அதைத் தள்ளித் திருப்பியது என்ற அவருடைய விளக்கம் தவறு. சில ஆண்டுகள் கழித்து மனம் மாறிய நியூட்டன், 1687-இல் வெளியான ‘பிரின்சிப்பியா’வில் அந்தப் பாதையைச் சூரியனைச் சுற்றி வளையும் பரவளையமாக வரைந்து காட்டினார்.

 

ஆங்கில வானியலர் எட்மண்ட் ஹாலி 1705-இல் 24 வால்வெள்ளிகளின் பாதைகளைக் கணக்கிட்டு, 1531, 1607, 1682 ஆண்டுகளில் வந்தது ஒன்றே என்றார். கோள்கள் சுற்றும் திசைக்கு எதிராகச் செல்லும் அது 1758-இல் திரும்பும் என்பது அவர் கணிப்பு. வியாழனும் சனியும் இழுப்பதால் ஏற்படும் தாமதத்தைப் பிரெஞ்சு அறிஞர்கள் கிளேரோ, லலாந்து, நிக்கோல்-ரைன் லெபோத் மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். 1758 கிறிஸ்துமஸ் இரவில் டிரெஸ்டன் அருகே பாலிட்ஷ் என்ற விவசாயி அதை முதலில் கண்டார். ஹாலி அப்போது உயிரோடு இல்லை.

வானில் வால்வெள்ளி நகர்வதாகத் தெரியும் வேகம், அது பூமியிலிருந்து இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. 1996 மார்ச்சில் ஹியாகுடாகே வால்வெள்ளி பூமிக்கு 1.5 கோடி கிலோமீட்டர் அருகே வந்தபோது, முழுநிலவின் அகலத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்தது. அசைவைக் கண்ணாலேயே பார்க்க முடிந்த அபூர்வ வருகை அது. பூமி நிற்கும் இடமும் முக்கியம். 1986 பிப்ரவரியில் ஹாலி சூரியனை நெருங்கியபோது பூமி சூரியனுக்கு மறுபக்கம் இருந்ததால் பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சியது. 2061 ஜூலையில் அது மீண்டும் சூரியனை நெருங்கும்போது பூமி அதே பக்கத்தில் இருக்கும். அந்த முறை ஹாலி 1986-ஐவிட நன்றாகத் தெரியும்.