வீல் வருவதற்கு முன்

விண்டோஸில் பைத்தான் கற்பித்த நாட்களில் நான் அதிகம் பார்த்த பிழைச்செய்தி, ‘விசிவார்ஸால்.பேட் கிடைக்கவில்லை’ என்பதுதான். அது விஷுவல் சி++ கம்பைலரின் கோப்பு; பைத்தானுக்காக சி மொழியில் எழுதிய நீட்சிகளை நிறுவ கம்பைலர் வேண்டும். விண்டோஸுடன் கம்பைலர் வராது. அதிலும் பைத்தான் 2.7-க்கு, அதைக் கட்டமைத்த விஷுவல் சி++ 2008தான் பொருந்தும்.

அப்போது கைகொடுத்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பணியாற்றிய கிறிஸ்டோஃப் கோல்கே. நம்பை, சைபை, எல்எக்ஸ்எம்எல் எனப் பல நூலகங்களைத் தாமே கம்பைல் செய்து, 32 பிட், 64 பிட் எனப் பிரித்து, இலவசமாகத் தந்தார்.

2013-இல், முன்கூட்டியே கம்பைல் செய்த பைத்தான் தொகுப்புகளைத் தருவதற்கான வீல் வடிவம் ஏற்கப்பட்டது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் பைத்தான் 2.7-க்கென்றே இலவச கம்பைலர் வெளியிட்டது. இன்று பிப் என்ற நிறுவல் கருவி ஒரே வரியில் முடிக்கும் வேலைக்குப் பின்னால் கோல்கே போன்றோரின் உழைப்பு இருக்கிறது. அதைச் சொல்லித்தான் என் மாணவர்களுக்கு பிப் பற்றிய பாடத்தை நடத்துகிறேன்.